கரண்ட் போனாலும் ஓடுற கன்சோல்: ஸ்விட்ச் 2 எப்படி வேலை செய்யுது

2025 ஜூலைல அக்கா பையன் லீவுக்கு அமெரிக்காவுலேர்ந்து வந்திருந்தான், பைக்குள்ள நிண்டெண்டோ ஸ்விட்ச் 2. ராத்திரி எட்டு மணி இருக்கும், டிவில மாட்டி ஆளுக்கொரு ஜாய்கான் (கன்சோலோட ரெண்டு பக்கமும் மாட்டிக் கழட்டற சின்ன கன்ட்ரோலர்) கைல வெச்சுட்டு மரியோ கார்ட் வேர்ல்ட் ஓட்டிட்டு இருக்கோம், ரெண்டாவது லேப் பாதில பட்டுனு கரண்ட் போச்சு. டிவி ஆஃப், ஃபேன் ஆஃப், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் பீப் பீப்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. நான் எந்திரிக்கறதுக்குள்ள அவன் இருட்டுல கைய நீட்டி, டிவியோட இணைக்கற பெட்டியான டாக்லேர்ந்து கன்சோல உருவி, ஒரு பட்டன அமுக்கி, பின்னாடி ஸ்டாண்ட விரிச்சு தரைல வெச்சுட்டான். "மாமா, விட்ட எடத்துலயே இருக்கு, வாங்க". பாத்தா அதே ரேஸ், அதே வளைவு, கைல அதே ஜாய்கான்.

ஹைப்ரிட் கன்சோல்னா என்னனு யாராவது கேட்டா இனிமே நான் இதத்தான் சொல்லுவேன். ஆனா இருட்டுல கொஞ்ச நேரம் ஆடினதும் இன்னொண்ணு கவனிச்சேன், பின்பக்கம் தொட்டுப் பாத்தா வெதுவெதுனுதான் இருக்கு, சுடல, காத்து வெளிய வர்ற சத்தமும் கிட்டத்தட்ட இல்ல. டிவில ஓடும்போது இருந்த வேகம் இப்போ உள்ளுக்குள்ள இல்ல, மெஷின் தானா வேலைய பாதியா கொறைச்சுக்கிச்சு, ஆனா நமக்கு கேம் நிக்கவே இல்லாத மாதிரி காட்டுது. இந்தக் கன்சோலப் பத்தி வர்ற புகழ்ச்சியும் சரி, புலம்பலும் சரி, முக்கால்வாசி இந்த ஒரு எடத்துலேர்ந்துதான் கெளம்புதுனு எனக்குத் தோணுது. ஒரே சிப் டிவி பக்கத்துல ஒரு மாதிரியும் கைல வேற மாதிரியும் வாழணும், ரெண்டுலயும் ஆளுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. அதுக்காக எங்கெங்க விட்டுக்கொடுத்திருக்காங்கனு பாத்தாத்தான் இது எப்படிப்பட்ட மெஷின்னு புரியும்.

மொதல்ல கணக்கு. உள்ள இருக்கற பேட்டரி 5220 மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது சுமாரா 20 வாட் ஹவர். நிண்டெண்டோ சொல்ற பேட்டரி நேரம் 2 மணி நேரத்துலேர்ந்து 6.5 மணி நேரம் வரைக்கும். அப்போ பெரிய கேம் ஓடினா 20ஐ 2ஆல வகுத்து 10 வாட், அவ்ளோதான். நம்ம ஹால்ல எரியற எல்இடி பல்பு 9 வாட். அந்த ஒரு பல்பு கரண்ட்ல ஸ்க்ரீன், சிப், மெமரி, வைஃபை, ஸ்பீக்கர் எல்லாத்தையும் ஓட்டி ஒரு முழு கேம காட்டணும். ப்ளேஸ்டேஷன் 5 ஒரு பெரிய கேமுக்கு 200 வாட் பக்கத்துல இழுக்கும். அதனால இத அதோட வெச்சு "கிராஃபிக்ஸ் பத்தல"னு சொல்றது எனக்கு சரியாவே படல, பஸ்ஸையும் பைக்கையும் ஒரே ரோட்டுல பாத்துட்டு பைக்ல ஏன் அம்பது பேர் ஒக்கார முடியலனு கேக்கற மாதிரி.

சிப் என்விடியா இவங்களுக்குன்னே செஞ்சு குடுத்தது, டி239னு பேரு, கிராஃபிக்ஸ் பக்கம் 1536 கோர், என்விடியா ஆம்பியர்னு பேர் வெச்ச தலைமுறை. கேம் மெஷினுங்கள அளந்து பாக்கற டிஜிட்டல் ஃபவுண்டரி ஆளுங்க வெளியிட்ட விவரப்படி டாக்ல இருக்கும்போது அந்த கிராஃபிக்ஸ் பகுதி 1007 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும், கைல எடுத்த உடனே 561க்கு எறங்கிடும். மெமரி வேகமும் செகண்டுக்கு 102 ஜிபிலேர்ந்து 68 ஜிபிக்கு எறங்கும். வேடிக்கை என்னன்னா சிபியூ மட்டும் தலைகீழு, டாக்ல 998 மெகாஹெர்ட்ஸ், கைல எடுத்தா 1101. கைல இருக்கும்போது மெமரி மெதுவாகிடுது, அந்தக் கொறைய சிபியூ கொஞ்சம் ஓடி ஈடுகட்டுதுனுதான் நான் புரிஞ்சுக்கறேன், எப்படியோ அந்தக் கரண்ட் போன நிமிஷத்துல பையன் கை பட்டு டாக்லேர்ந்து அது வெளிய வந்த உடனே உள்ள இத்தனையும் மாறியிருக்கு, நாங்க பாத்ததெல்லாம் ஒரு ரேஸ் தொடர்ந்தது மட்டும்தான். மரியோ கார்ட் டிவில 1440பி, கைல 1080பி (படத்துல மேலேர்ந்து கீழ எத்தன வரி புள்ளினு சொல்ற எண்), ரெண்டுலயும் செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம். ஸ்க்ரீன் சின்னதா இருக்கறதால 1080பிக்கு எறங்கினது கண்ணுக்குப் படவே இல்ல.

இந்த ஐடியா எங்கேர்ந்து வந்துச்சுனு கொஞ்சம் பின்னாடி போய்ப் பாக்கணும். 2012ல நிண்டெண்டோ வீ யூனு ஒண்ணு விட்டாங்க, அதுல ஸ்க்ரீன் வெச்ச பெரிய கன்ட்ரோலர் ஒண்ணு உண்டு, கைல வெச்சே ஆடலாம், ஆனா வேலையெல்லாம் டிவிகிட்ட இருக்கற பெட்டிதான் செய்யும், கன்ட்ரோலருக்கு படம் வயர்லெஸ்ல வரும், கொஞ்சம் தள்ளிப் போனா படம் அந்துடும். ஜனங்களுக்கு அது என்னன்னே புரியல, மொத்தமா வித்தது 1.35 கோடிதான், அதுக்கு முன்னாடி வந்த வீ 10 கோடிக்கு மேல போன மெஷின். அந்த நேரத்துலதான், 2013ல, கைல வெச்சு ஆடுற மெஷின் செய்யற டீமையும் டிவி மெஷின் செய்யற டீமையும் ஒண்ணாக்கினாங்க. அப்போ தலைவரா இருந்தவர் சடோரு இவாட்டா, 2015 ஜூலைல எறந்துட்டார், அவர் காலத்துல ஆரம்பிச்ச வேலைதான் 2017 மார்ச் 3ஆம் தேதி ஸ்விட்ச்சா வந்துச்சு. வேலை செய்யற பெட்டியவே கைல குடுத்துட்டாங்க, டாக்ல இருக்கறது கரண்டும் டிவி கேபிளும்தான். ரெண்டு டீம் ரெண்டு மெஷினுக்கு தனித்தனியா கேம் செஞ்சுட்டு இருந்தது போய் எல்லாரும் ஒரே மெஷினுக்கு செய்ய ஆரம்பிச்சாங்க, 15 கோடிக்கு மேல வித்துச்சு.

ஆனா அதுல இருந்தது 2015லயே கடைல கெடச்ச சிப், 4 ஜிபி மெமரி, 32 ஜிபி ஸ்டோரேஜ். எட்டு வருஷம் அதையே ஓட்டினாங்க. கடைசி வருஷங்கள்ல பெரிய கேமெல்லாம் மூச்சு வாங்கினது ஆடினவங்க எல்லாருக்கும் தெரியும். மரியோ கார்ட் வேர்ல்டே மொதல்ல பழைய ஸ்விட்ச்சுக்குத்தான் ஆரம்பிச்சாங்க, ஒரு ட்ராக்லேர்ந்து அடுத்த ட்ராக்குக்கு ரோட்டுலயே ஓட்டிட்டுப் போகணும், ஒரே ரேஸ்ல 24 பேர் இருக்கணும்ங்கற ஆசைக்கு அந்த மெஷின் தாங்கல, அதனால புது மெஷினுக்கு தூக்கிட்டு வந்தாங்க. செஞ்சவங்களே வெளிப்படையா சொன்ன விஷயம் இது. நாங்க அன்னிக்கு தரைல குந்தி ஆடினப்போ பாலைவன ரோட்டுல ரெண்டு பக்கமும் லாரி, மேல பறக்கற வண்டி, பின்னாடி இருபது பேரு, எங்கயும் ஒரு தடுக்கல் இல்ல. பழசுல இது கனவுலயும் நடந்திருக்காது.

இப்ப கைல எடுத்தா எப்படி இருக்குனு சொல்லணும்ல. கனம் பழசோட அளவேதான், 13.9 மில்லிமீட்டர். எடை ஜாய்கானோட சேத்து 534 கிராம், சுமாரா அரைக் கிலோ சக்கர பாக்கெட் ஒண்ணு. ஸ்க்ரீன் 7.9 இன்ச். படுத்துட்டு மூஞ்சிக்கு மேல பிடிச்சு ஆடினா கால் மணி நேரத்துல மணிக்கட்டு வலிக்கும், ஒக்காந்து மடில வெச்சு ஆடினா ஒண்ணும் தெரியல. ஜாய்கான் முன்னாடி மாதிரி தண்டவாளத்துல சறுக்கி மாட்டறது இல்ல, காந்தம். பக்கத்துல கொண்டு போனா தானா இழுத்து டக்குனு ஒட்டிக்கும், அந்த டக் சத்தத்துக்காகவே பையன் நாலஞ்சு தடவ கழட்டி மாட்டிட்டு இருந்தான். கழட்டணும்னா பின்னாடி ஒரு சின்ன லீவர அழுத்தணும், சும்மா ஆட்டினா வராது, ஜாய்கான மட்டும் பிடிச்சு தூக்கி ஒதறிக் கூட பாத்தோம். ஸ்டாண்டு அகலமா, எந்த சாய்வுல நிறுத்தினாலும் நிக்குது. சார்ஜ் ஓட்டை மேலயும் ஒண்ணு இருக்கறதால நிக்க வெச்ச மேனிக்கு சார்ஜ் போடலாம், பழசுல ஓட்டை அடில மட்டும்தான் இருந்துச்சு, அது தெனம் கடுப்பேத்தின விஷயம்.

ஒண்ணு முக்கியமா சொல்லணும். ஸ்க்ரீன் மேல ஃபேக்டரிலேயே ஒரு மெல்லிசு ஃபிலிம் ஒட்டியிருக்கும், ஓரத்துல நகம் பட்டா புதுப் பொருள் மேல ஒட்டின பிளாஸ்டிக் மாதிரியே தெரியும். அத உரிக்கக்கூடாது. கண்ணாடி ஒடஞ்சா செதறாம இருக்க ஒட்டினது அது, நிண்டெண்டோவே உரிக்காதீங்கனு எழுதியிருக்காங்க. நம்ம வீடுகள்ல புதுசா ஒண்ணு வந்தா மொத வேல கவர உரிக்கறதுதானே, அதனால சொல்றேன்.

ஸ்க்ரீன் பத்தி ரெண்டு விதமாவும் பேசணும். எல்சிடி, 1080பி, செகண்டுக்கு 120 தடவ மாறும். அந்த 120 சும்மா பெருமைக்கு இல்ல, ஹைப்ரிட் மெஷினுக்கு அது ஒரு வழி தொறந்து விடுது. சைபர்பங்க் 2077ங்கற பெரிய கேம் இதுல ஓடுது, செகண்டுக்கு 60 ஃப்ரேம் அதால குடுக்க முடியாது, 30 குடுத்தா கொஞ்சம் இழுவையா இருக்கும். நடுவுல 40னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பழைய 60 ஸ்க்ரீன்ல 40 சரியா ஒக்காராது, 60ஐ 40ஆல வகுத்தா ஒண்ணரை வரும், ஒரு படத்த ஒரு தடவையும் அடுத்தத ரெண்டு தடவையும் மாத்தி மாத்திக் காட்டணும், ஆட்டத்துல உதறல் தெரியும். 120ஐ 40ஆல வகுத்தா சரியா மூணு, ஒவ்வொரு படமும் மூணு தடவ, ஒரே சீரு. பத்து வாட்ல பத்தாத பவர இப்படி ஸ்க்ரீன் பக்கத்துலேர்ந்து ஈடுகட்டறாங்க. கொற என்னன்னா, அந்த எல்சிடி ஒரு நெறத்துலேர்ந்து அடுத்த நெறத்துக்கு மாறுறது மெதுவா இருக்கு, வேகமா கேமரா திரும்பினா ஓரத்துல நிழல் மாதிரி பூசும். இத அளந்து பாத்தவங்களும் சொன்னாங்க, கண்ணாலயும் தெரியுது. 2021ல வந்த பழைய ஸ்விட்ச்சோட ஓலெட் ஸ்க்ரீன் மாடல்லேர்ந்து வர்றவங்களுக்கு கறுப்பு நெறம் சாம்பலா தெரியும். ஹெச்டிஆர்னு (வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் நல்லா பிரிச்சுக் காட்டற வசதி) பெட்டில போட்டிருந்தாலும் கைல இருக்கற ஸ்க்ரீன்ல அது பேருக்குத்தான், நல்ல டிவில மாட்டினாத்தான் அந்த வெளிச்சம் தெரியும்.

அடுத்தது டிஎல்எஸ்எஸ். இந்த மெஷினோட உயிரே அதுலதான் இருக்குனு நான் நெனைக்கறேன். எங்க அம்மா மார்கழில கோலம் போடறத பாத்திருக்கேன், நாலு புள்ளி வெச்ச உடனே இன்னிக்கு எது வரப் போகுதுனு பக்கத்து வீட்டு அத்தைக்குத் தெரிஞ்சிடும், ஏன்னா நேத்து போட்டதும் முந்தா நாள் போட்டதும் அவங்க மனசுல இருக்கு. டிஎல்எஸ்எஸ் செய்யறதும் அதுதான். கேம் கம்மி புள்ளில ஒரு படத்த வரையும், சிப்ல தனியா இருக்கற ஒரு பகுதி முன்னாடி வந்த ஃப்ரேமுங்கள ஞாபகம் வெச்சுட்டு, எது எந்தப் பக்கம் நகருதுனு பாத்து, மீதிப் புள்ளிய அதுவே வெச்சு பெரிய படமா குடுக்கும். முழுசா வரையறத விட இதுக்கு செலவாகற கரண்ட் கம்மி. நிக்கற பொருளுக்கு அற்புதமா வருது, சரசரனு ஓடுற பொருளுக்கும் மெல்லிசு கம்பி, முடி மாதிரி விஷயத்துக்கும் ஓரத்துல கொஞ்சம் பிசிறு தட்டும். 4கே டிவில ஒக்காந்து பக்கத்துலேர்ந்து பாத்தா கண்டுபிடிக்கலாம், கைல 7.9 இன்ச்ல கண்டுபிடிக்கறது கஷ்டம். வேலையப் பாதியா கொறைச்சும் வித்தியாசம் தெரியாம இருக்கறதுக்கு இதுதான் பெரிய காரணம்.

ஸ்டோரேஜ் 256 ஜிபி. கூட வேணும்னா மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்ங்கற புது வகை கார்டு மட்டும்தான் போடணும், பழைய கார்ட போட்டா பழைய ஸ்விட்ச்ல எடுத்த கேம் ஃபோட்டோவும் வீடியோவும் பாக்கலாம், கேம் வெக்க முடியாது. எக்ஸ்பிரஸ் கார்டு விலை நல்லா கூட. கார்டுலேர்ந்து தகவல் வர்ற வேகம் பழைய கார்டுல செகண்டுக்கு 100 எம்பி அளவுதான் இருந்துச்சு, இந்தக் காலத்து கேம் ரோட்ட ஓட்ட ஓட்ட ஏத்திட்டே போகும், அந்த வேகம் பத்தாது, அதனால மாத்தினாங்க. காரணம் நியாயம்தான், ஆனாலும் வீட்டுல டப்பா நெறைய பழைய கார்டு வெச்சிருக்கறவனுக்கு வலிக்கும்.

இதோட ஒட்டின இன்னொரு விஷயம் கேம் கீ கார்டு. கடைல பெட்டி வாங்குவீங்க, உள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதுல கேம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும், முழு கேமையும் நெட்லேர்ந்து எறக்கணும், அப்புறமும் ஆடும்போதெல்லாம் கார்ட்ரிட்ஜ் உள்ள இருக்கணும். எல்லா கேமும் இப்படி இல்ல, சைபர்பங்க் 64 ஜிபி கார்ட்ரிட்ஜ்ல முழுசா வருது, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 சாவிதான். பெட்டி முன்னாடியே அடையாளம் போட்டிருப்பாங்க, பாத்து வாங்கணும். நெட்லயே வாங்கற டிஜிட்டல் கேம் மாதிரி இல்லாம இத இன்னொருத்தருக்கு விக்கலாம், அது ஒரு ஆறுதல். ஆனா இருபது வருஷம் கழிச்சு அந்த சர்வர் இல்லன்னா கைல இருக்கறது வெறும் பிளாஸ்டிக், இத நெனச்சா எனக்கு மனசு ஒப்பவே இல்ல. கரண்ட் போனாலும் நெட் போனாலும் எங்க வேணாலும் ஆடலாம்ங்கறதுதானே இந்த மெஷின வாங்கறதுக்கே காரணம், அதுக்கு நெட்ட நம்பின கார்ட்ரிட்ஜ் எதுக்கு.

பழைய ஸ்விட்ச் கேம் பெரும்பாலும் ஓடுது. பழைய சிப் உள்ள இல்ல, பழைய கேம் சொல்ற கட்டளைய ஓட ஓட மொழிபெயர்த்து புது சிப்புக்கு குடுக்கறாங்க. போகிமான் ஸ்கார்லெட் முன்னாடி எவ்ளோ தத்தளிச்சுதுனு தெரிஞ்சவங்க இப்போ 60ல ஓடுறத பாத்தா நம்ப மாட்டாங்க, அதுக்கு அப்டேட் ஃப்ரீ. ஆனா செல்டா கேம் ரெண்டுக்கு தலைக்கு பத்து டாலர் கேக்கறாங்க.

ஜாய்கான பக்கவாட்டா வெச்சா மவுஸாகும், தொடை மேல, பேன்ட் துணில வெச்சு நகத்தினாக்கூட வேலை செய்யுது, அது நான் எதிர்பாக்காதது. ஸ்டிக் விஷயத்துல மட்டும் பயம் போகல. பழைய ஜாய்கான்ல தொடாமலே ஸ்டிக் ஒரு பக்கம் இழுக்கற பிரச்சினைக்கு கேஸ் வரைக்கும் போனாங்க. உள்ள ஒரு கார்பன் தடம் இருக்கும், அது மேல ஒரு சின்ன கம்பி தேஞ்சுட்டே இருக்கும், தேயத் தேய அளவு தப்பும். காந்தத்த வெச்சு அளக்கற ஹால் எஃபெக்ட் ஸ்டிக் போட்டா உரசறதே இல்ல, ஆனா புதுசுலயும் அது போடலனு நிண்டெண்டோவே சொல்லிட்டாங்க. புதுசா வடிவமைச்சது, பெருசு, நைசா இருக்குங்கறாங்க, தாங்குதா இல்லையாங்கறத ரெண்டு மூணு வருஷம் ஆடினாத்தான் சொல்ல முடியும். ரிப்பேர் பண்றதும் சுலபம் இல்ல, பொருள பிரிச்சு ரிப்பேர் பண்றது எவ்ளோ சுலபம்னு மார்க் போடற ஐஃபிக்ஸிட் பிரிச்சுப் பாத்துட்டு பத்துக்கு மூணு குடுத்தாங்க, பேட்டரிய நல்லா பசை போட்டு ஒட்டியிருக்காங்க.

2025ல வெளியானப்போ விலை அமெரிக்காவுல 449.99 டாலர், மொத ஸ்விட்ச் வந்தப்போ 299.99. மரியோ கார்ட் மட்டும் 79.99 டாலர்னு விட்டாங்க. விலையும் விவரமும் சொன்ன 2025 ஏப்ரல் 2ஆம் தேதியேதான் டிரம்ப் இறக்குமதி வரியும் அறிவிச்சார், வியட்நாமுக்கு 46 சதவீதம், கன்சோல் அங்கயும் தயாராகுது, அதனால 9ஆம் தேதி தொடங்க வேண்டிய முன்பதிவு 24க்கு தள்ளிப் போச்சு. ஜப்பான்ல 49,980 யென்னுக்கு ஜப்பானிய மொழி மட்டும் வர்ற மாடல் விட்டாங்க, எல்லா மொழியும் வர்றது 69,980. அங்க நிண்டெண்டோ கடையோட குலுக்கலுக்கே 22 லட்சம் பேர் எழுதிப் போட்டாங்க, அதுவும் 50 மணி நேரம் ஸ்விட்ச் ஆடியிருக்கணும்னெல்லாம் நிபந்தனை வெச்சும். ஜூன் 5 வெளியாகி நாலே நாள்ல உலகம் முழுக்க 35 லட்சம் போச்சு. மொத ஸ்விட்ச் அந்த மார்ச் மாசம் முழுக்க வித்தது 27 லட்சம்தான்.

அந்த ஜப்பான் மாடல்லதான் நம்ம ஆளுங்க மாட்டுவாங்க. இங்க நிண்டெண்டோ நேரடியா விக்கறது இல்ல, வர்றதெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வர்ற பெட்டிதான், வாரன்ட்டியும் இங்க செல்லாது. "மத்த கடைய விட எட்டாயிரம் கம்மி"னு ஒரு கடைல காட்டினாங்கனு எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் ஆசையா ஃபோன் பண்ணார், பெட்டிய ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், முழுக்க ஜப்பானிய எழுத்து. அதுல மெனு மொழிய இங்கிலீஷுக்கு மாத்த முடியாது, ஜப்பான்னு போட்ட அக்கவுன்ட் மட்டும்தான் சேரும், அமெரிக்கா அக்கவுன்ட்ல ஏற்கனவே வாங்கி வெச்ச கேம் ஒண்ணும் வராது. நல்லவேளை அவர் காசு குடுக்கல.

இந்தியாவுக்குனு ஈஷாப்பும் (நிண்டெண்டோவோட நெட் கடை) கெடையாது, பெரும்பாலானவங்க அமெரிக்கா அக்கவுன்ட் வெச்சு கிஃப்ட் கார்டு போட்டுத்தான் வாங்கறாங்க. அமெரிக்காவுலேர்ந்து யாராவது வந்தா அவங்ககிட்ட சொல்லி வாங்கிட்டு வரச் சொல்றதுதான் நல்லது. கேம் எங்க வாங்கினாலும் ஓடும், நாட்டுப் பூட்டு இல்ல. டாக், 4கேக்கான ஹெச்டிஎம்ஐ கேபிள், சார்ஜர் எல்லாம் பெட்டிக்குள்ளயே இருக்கு. சார்ஜர் 100லேர்ந்து 240 வோல்ட் வரைக்கும் வாங்கும், ட்ரான்ஸ்ஃபார்மர் தேவையில்ல, அந்த தட்டைப் பின்ன நம்ம சாக்கெட்டுக்கு மாத்தற சின்ன அடாப்டர் போதும். பையன் ஊருக்குப் போகும்போது அந்த அடாப்டர இங்கயே விட்டுட்டுப் போயிட்டான், அடுத்த லீவுக்கு வரும்போது வேணும்ங்கறான்.